பக்கத்து மெஷின் பாக்காது, சரி. அடியில இருக்கற ஹோஸ்ட்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கெழமை உங்க டெக்னாலஜி பக்கத்துல விர்ச்சுவல் மெஷின் பத்தி, அதாவது ஒரே சர்வருக்குள்ள சாஃப்ட்வேரால செஞ்ச தனித்தனி கம்ப்யூட்டர் பத்தி, அரைப்பக்கத்துக்கு ஒரு கட்டுரை வந்துச்சு. இதையெல்லாம் தமிழ்ல எழுதறதே பெரிய விஷயம், அதுக்கு மொதல்லயே நன்றி சொல்லிடறேன், ஏன்னா இதுக்கப்பறம் நான் எழுதப்போறது முழுக்க குறைதான்.

நடுவுல ஒரு வரியை கட்டம் கட்டி போட்டிருந்தீங்க. ஒவ்வொரு விர்ச்சுவல் மெஷினும் அடுக்குமாடியில தனித்தனி வீடு மாதிரி, அதோட மெமரியை வேற யாராலயும் பாக்க முடியாதுன்னு. திங்கக்கெழமை காலைல எங்க மேனேஜர் அந்த கட்டத்தை மட்டும் போட்டோ புடிச்சு எனக்கு அனுப்பிட்டாரு. நான் மூணு மாசமா அவர்கிட்ட ஒண்ணு கேட்டுக்கிட்டு இருக்கேன், நம்ம டேட்டாபேஸ் ஓடற வி.எம்.மை (விர்ச்சுவல் மெஷினை நாங்க சுருக்கி அப்படித்தான் சொல்லுவோம்) மெமரியே என்கிரிப்ட் ஆகற, அதாவது கீ இல்லாம படிக்க முடியாத வகைக்கு மாத்திடலாம்னு. அதுக்கு இதான் பதில். பேப்பர்லயே போட்டிருக்கான் பாரு, யாராலயும் பாக்க முடியாதாம், அப்புறம் உனக்கு என்னய்யான்னு. பன்னெண்டு வருஷமா இதே சர்வர்களோட குப்பை கொட்டறவன் சொல்றது ஏறல, கட்டம் கட்டி போட்டா ஏறுது, சரி அது உங்க தப்பு இல்ல.

ஆனா அந்த "யாராலயும்"ங்கற வார்த்தை உங்க தப்புதான். பக்கத்துல ஓடற இன்னொரு வி.எம். என் மெமரியை பாக்க முடியுமாங்கறது ஒரு கேள்வி. என் வி.எம்.மை ஓட்டற ஹைப்பர்வைசர், அதாவது ஹோஸ்ட்ங்கற நிஜ சர்வர்ல உக்காந்து எல்லா வி.எம்.மையும் நடத்தற சாஃப்ட்வேர், பாக்க முடியுமாங்கறது வேற கேள்வி. மொதலுக்கு பதில், பெரும்பாலும் முடியாது, அப்பப்ப முடிஞ்சிருக்கு. ரெண்டாவதுக்கு பதில், தாராளமா முடியும், முடியணும்னுதான் அதை கட்டியிருக்காங்க. கட்டுரை ரெண்டையும் ஒரே வரியில போட்டு குழப்பிடுச்சு.

அந்த வீடு உதாரணத்துலருந்தே ஆரம்பிக்கறேன். வீட்டுக்கு வீடு நடுவுல செங்கல் சுவர் இருக்கு, யாரும் இடிக்காத வரைக்கும் அது பாட்டுக்கு நிக்கும். ரேம்ல அப்படி எந்த சுவரும் கிடையாது. 256 ஜிபி ரேம் இருக்கற சர்வர்ல இருபது வி.எம். ஓடுதுன்னா இந்த ஸ்டிக் இவனுக்கு அந்த ஸ்டிக் அவனுக்குன்னு யாரும் பங்கு பிரிக்கறதில்ல, 4 கேபி பேஜா, அதாவது சின்ன துண்டா வெட்டி, இல்லன்னா 2 எம்பி பெரிய பேஜா வெட்டி, எங்கெங்க காலியா இருக்கோ அங்கங்க போட்டு வெச்சிருக்கும். ஒரு பேஜ் என்னோடது, அதை ஒட்டி இருக்கற அடுத்த பேஜ் முன்னப்பின்ன தெரியாத எவனோடதோ.

அப்ப எது பிரிக்குது? டேபிள்தான், எந்த அட்ரஸ்னா ரேம்ல எந்த பேஜ்னு எழுதி வெச்ச பட்டியல். வி.எம்.க்குள்ள ஓடற லினக்ஸோ விண்டோஸோ, தனக்கு சைபர்ல ஆரம்பிச்சு 8 ஜிபி வரைக்கும் ரேம் இருக்குன்னு நம்பிக்கிட்டு அதுவா ஒரு பேஜ் டேபிள் வெச்சிருக்கும். அது சொல்ற அட்ரஸ் நிஜ அட்ரஸ் கிடையாது. அதை நிஜ ரேம் அட்ரஸா மாத்த அடியில இன்னொரு டேபிள் இருக்கு, இன்டெல்ல ஈ.பி.டி.ன்னு சொல்லுவாங்க, ஏ.எம்.டி.ல நெஸ்டட் பேஜிங். என் வி.எம்.மோட அடி டேபிள்ல உங்க வி.எம்.மோட எந்த பேஜுக்கும் என்ட்ரி இருக்காது, ஐசொலேஷன்னா அவ்ளோதான், வேற மந்திரம் ஒண்ணும் இல்ல. உங்க மெமரியை எங்கயோ எனக்கு எட்டாம பூட்டி வெக்கல, அதை கூப்பிடறதுக்கு எங்கிட்ட ஒரு அட்ரஸ் இல்ல, அதனால கூப்பிட முடியல.

இது சும்மாவும் நடக்கறதில்ல. சாதாரண மெஷின்ல நாலு லெவல் பேஜ் டேபிளை நடந்து ஒரு அட்ரஸ் கண்டுபுடிக்க 4 தடவை மெமரியை தொட்டா போதும், ஆனா மேலயும் நாலு லெவல் அடியிலயும் நாலு லெவல்னா, மேல ஒவ்வொரு படி ஏறவும் அடியில முழுசா ஒரு நடை நடந்துட்டு வரணும், கடைசி அட்ரஸுக்கும் ஒரு நடை, மொத்தம் கூட்டுனா 24 வரும். கண்டுபுடிச்சதை சிப்புக்குள்ள இருக்கற டி.எல்.பி.ங்கற குட்டி மெமரி ஞாபகம் வெச்சுக்கறதாலதான் வண்டி ஓடுது.

கட்டுரையில ஏதோ கிளவுட் வந்தப்பறம்தான் இதெல்லாம் வந்த மாதிரி எழுதிருந்தது, அதுவும் சரியில்ல. ஐ.பி.எம். மெயின்ஃப்ரேம்ல 1960கள்லயே இந்த வேலை ஆரம்பிச்சாச்சு, 1972-ல வி.எம். 370 வெளிய வந்தாச்சு. நம்ம பி.சி.யிலயும் சர்வர்லயும் இருக்கற எக்ஸ்86 சிப்தான் லேட். 1999-ல விஎம்வேர் வந்தப்ப சிப்புலருந்து ஒரு உதவியும் இல்ல, கெஸ்ட் கெர்னல், அதாவது வி.எம்.க்குள்ள ஓடற ஓ.எஸ்.ஸோட மையப்பகுதி, ஓட ஓட அதோட கோடை மாத்தி எழுதி சமாளிச்சாங்க, 2003-ல ஸென்ங்கற ஹைப்பர்வைசரை எழுதுன ஆளுங்க கெஸ்ட் கெர்னலையே திருத்திட்டாங்க, 2005-ல இன்டெல்லும் 2006-ல ஏ.எம்.டி.யும் சிப்லயே சப்போர்ட் குடுத்தாங்க. அந்த அடி டேபிள் மட்டும் ஹார்ட்வேர்ல வர 2007, 2008 ஆயிடுச்சு, அதுவரைக்கும் ஹைப்பர்வைசரே ஷேடோ பேஜ் டேபிள்னு ஒண்ணை கையால பராமரிச்சுது, கெஸ்ட் தன் டேபிள்ல ஒரு வரி மாத்துனா இது ஓடிப்போய் தன் காப்பியையும் மாத்தணும், அந்த காலத்துல நெறைய ப்ராசஸ் ஓடற சர்வரை வி.எம்.ல போட்டவங்களுக்கு அந்த வலி தெரியும்.

இதுல நீங்க விட்ட முக்கியமான எடம் ஒண்ணு. 1974-ல போப்பெக், கோல்ட்பெர்க்னு ரெண்டு பேர் ஒரு ஆய்வுக்கட்டுரையில ஒரு விர்ச்சுவல் மெஷின் மானிட்டர், இன்னிக்கு ஹைப்பர்வைசர்ங்கறோமே அதுதான், எப்படி இருக்கணும்னு மூணு நிபந்தனை எழுதினாங்க, இன்னிக்கும் எல்லாரும் அதைத்தான் புடிச்சுக்கிட்டு இருக்காங்க. அதுல ஒண்ணு, மெஷினோட எல்லா ரிசோர்ஸும் முழுசா அந்த மானிட்டர் கையில இருக்கணும். முழுசா. அந்த அடி டேபிளை எழுதறதே ஹைப்பர்வைசர்தான், அப்ப எழுதறவன் படிக்க முடியாதுன்னு எப்படி சொல்லுவீங்க?

வாயால சொன்னா நம்ப மாட்டேங்கறாங்கன்னு ஒரு தடவை செஞ்சே காட்டுனேன். கே.வி.எம்.ங்கற லினக்ஸ் ஹைப்பர்வைசர் ஓடற ஹோஸ்ட், அதுல 8 ஜிபிக்கு ஒரு டெஸ்ட் வி.எம்., உள்ள ஒரு டேட்டாபேஸ். வி.எம்.க்குள்ள டிஸ்க் முழுக்க என்கிரிப்ஷன், கீ இருந்தாதான் லாகின், ஃபயர்வால், எல்லாம் பக்கா. நான் அதுக்குள்ள போகவே இல்ல. ஹோஸ்ட்ல ரூட்டா, அதாவது முழு அதிகாரத்தோட, உக்காந்துக்கிட்டு வெர்ஷ் டம்ப்னு ஒரே ஒரு கமாண்ட், மெமரி மட்டும் போதும்னு ஒரு ஆப்ஷன். வி.எம். கொஞ்ச நேரம் நின்னுச்சு, திரும்ப ஓட ஆரம்பிச்சுது, என் கையில 8 ஜிபிக்கு ஒரு ஃபைல். அதுல எழுத்தை மட்டும் பிரிச்சு எடுக்கற ஸ்ட்ரிங்ஸ் ஓட்டி, அதுல தேடற க்ரெப் போட்டா டேட்டாபேஸ் பாஸ்வேர்ட் மொதல் ஸ்க்ரீன்லயே உக்காந்திருக்கு. நான் டெஸ்டுக்கு போட்டு வெச்ச கஸ்டமர் ரெக்கார்டு, பேரு நம்பரோட, ஒரு எடத்துல இல்ல நாலு எடத்துல இருந்துச்சு, டேட்டாபேஸ் பஃபர்ல ஒண்ணு, நெட்வொர்க் பஃபர்ல ஒண்ணு, மிச்சம் ரெண்டும் எப்பவோ விடுவிச்ச மெமரியில அழிக்காம கெடந்தது. அப்புறம் வி.எம்.க்குள்ள போய் லாக் பாத்தோம். ஒண்ணும் இல்ல. கடிகாரம் மட்டும் கொஞ்சம் பின்தங்கி இருந்துச்சு, அதையும் நெட்வொர்க் வழியா நேரம் பாக்கற என்.டி.பி. வந்து சரி பண்ணிட்டு போயிடுச்சு.

டிஸ்க் என்கிரிப்ஷன் இருக்கேன்னு எல்லாரும் கேப்பாங்க. டிஸ்க்கை படிக்க கீ வேணும், கீ ஓடற மெஷினோட ரேம்லதான் இருக்கணும், ரேம் முழுக்க என் ஃபைல்ல இருக்கு. அப்ப கீயும் எங்கிட்டதான்.

இதுல கெட்டவன் யாரும் வேணும்னே இல்ல, மறதியே போதும். முன்னாடி நான் வேலை பாத்த எடத்துல அப்கிரேடுக்கு முன்னாடி ஒருத்தர் ஸ்னாப்ஷாட், அதாவது வி.எம்.மோட அந்த நேர நிலையை அப்படியே ஒரு காப்பி, எடுத்தாரு, மெமரியையும் சேத்துக்கவான்னு கேக்கற டிக்கை அப்படியே விட்டுட்டாரு. அப்கிரேட் நல்லபடியா முடிஞ்சுது, ஸ்னாப்ஷாட்டை யாரும் அழிக்கல, ப்ரொடக்‌ஷன் சர்வரோட அந்த நிமிஷத்து ரேம் முழுசா ஒரு ஃபைலா ஸ்டோரேஜ்ல ரெண்டு வருஷம் கெடந்துச்சு, ராத்திரி பேக்கப் வேற அதை விசுவாசமா தூக்கிட்டு போயிருக்கு. நான் வேற எதுக்கோ எடம் காலி பண்ண போனப்ப கண்ணுல பட்டுது. ஸ்டோரேஜ்லருந்து அழிச்சோம். டேப்ல இருக்கறதை என்ன பண்றதுன்னு அப்ப பேசிக்கிட்டு இருந்தாங்க, நான் அங்கருந்து வர்ற வரைக்கும் பேசிக்கிட்டுதான் இருந்தாங்க.

இதை ஓட்டைன்னு நான் சொல்லல, இந்த வசதி இல்லாம நாங்க வேலையே பாக்க முடியாது. லைவ் மைக்ரேஷன்ல வி.எம். ஓடிக்கிட்டு இருக்கறப்பவே ரேமை பேஜ் பேஜா வேற சர்வருக்கு அனுப்பறோம், ஹைப்பர்வைசர் படிக்காம எப்படி அனுப்பும்? (அந்த லிங்க்ல டி.எல்.எஸ். என்கிரிப்ஷன் போட்டிருக்காங்களான்னு கேட்டு பாருங்க, பல எடத்துல சிரிப்பாங்க.) கெஸ்டுக்கு தெரியாம அதோட மெமரியை வெளியிலருந்து படிச்சு உள்ள வைரஸ் இருக்கான்னு தேடற வேலையை 2003-லயே ஆராய்ச்சியா போட்டாங்க. எல்லாம் நல்ல காரியம்தான், ஆனா யாராலயும் பாக்க முடியாதுங்கற வரியோட எதுவும் ஒத்துப்போகாது.

இப்ப மொத கேள்வி, பக்கத்து வி.எம்.

2014-ல ஸென்ல ஒரு பிரச்சனை வந்துச்சு. கெஸ்ட் ஒரு குறிப்பிட்ட ரெஜிஸ்டர் வரிசையை படிக்க கேட்டா, ஹைப்பர்வைசர் ஒரு பேஜோட எல்லையில நிக்காம அடுத்த பேஜ்லருந்தும் எடுத்து குடுத்துடும். அடுத்த பேஜ் யாரோடது? மேலயே சொன்னேன், எவனோடதோ. அது வெளிய வர்றதுக்கு முன்னாடி அமேசான் தன் சர்வர்கள்ல ஒரு பங்கை அவசர அவசரமா ரீபூட் பண்ணாங்க. அடுத்த வருஷம் வெனம்னு ஒண்ணு, கெஸ்டுக்கு நிஜ சாதனம் மாதிரி நடிச்சு காட்டற க்யூ.எம்.யூ.ங்கற சாஃப்ட்வேர்ல இருந்த ஃப்ளாப்பி கன்ட்ரோலர் கோடுல 2004-லருந்தே கெடந்த ஓட்டை, கெஸ்டுக்குள்ள இருக்கறவன் அது வழியா ஹோஸ்டுக்கு வந்துடலாம். ஃப்ளாப்பி. கடைசியா ஃப்ளாப்பி கையில புடிச்சது எப்பன்னு எனக்கே ஞாபகம் இல்ல, இதுல ஃப்ளாப்பி வேணாம்னு அணைச்சு வெச்சாலும் வேற ஒரு பக் காரணமா அந்த கோடு உயிரோடதான் இருந்துச்சு. டேபிள் எவ்ளோ சுத்தமா இருந்தாலும், கெஸ்டுக்காக டிஸ்க், நெட்வொர்க் கார்டு, ஸ்க்ரீன்னு நடிச்சு காட்டற சாஃப்ட்வேர்ல ஒரு பஃபர் வழிஞ்சா எல்லாம் போச்சு. 2025 மார்ச்ல விஎம்வேர்ல இந்த மாதிரி மூணு ஓட்டைக்கு பேட்ச் வந்துச்சு, பேட்ச் வர்றதுக்கு முன்னாடியே யாரோ அதை பயன்படுத்தியிருக்காங்க.

இன்னொண்ணு எனக்கு புடிச்ச விஷயம், புடிச்சதுன்னா பயந்தது. ஒரே மாதிரி இருக்கற பேஜுங்களை ரெண்டு வி.எம்.க்கும் பொதுவா ஒண்ணா சேத்து ரேம் மிச்சம் புடிக்கற வசதி இருக்கு, லினக்ஸ்ல கே.எஸ்.எம்.னு பேரு. 2016-ல ஆம்ஸ்டர்டாம்ல ஒரு யுனிவர்சிட்டி குரூப் என்ன பண்ணாங்கன்னா, பக்கத்து வி.எம்.ல இருக்கற எஸ்.எஸ்.ஹெச். பப்ளிக் கீ ஃபைல் (வெளியிலருந்து யார் லாகின் பண்ணலாம்னு சரிபாக்கற ஃபைல்) மாதிரியே அச்சு அசலா ஒரு பேஜை தங்க மெமரியில செஞ்சு வெச்சாங்க, அது ரெண்டும் ஒண்ணா சேந்துச்சு, அப்புறம் ரோஹேமர்னு ஒரு வேலை, ரேம்ல பக்கத்து வரிசையை திரும்ப திரும்ப தொட்டுக்கிட்டே இருந்தா நடுவுல இருக்கற பிட் தானா கவுந்துடும், அப்படி அந்த கீல ஒரே ஒரு பிட்டை கவுத்தாங்க. கவுந்த கீயை உடைக்கறது சுலபம். உடைச்சு லாகின் பண்ணிட்டாங்க. எந்த டேபிளையும் தொடல, எந்த பர்மிஷனையும் மீறல. வி.எம்.களுக்கு நடுவுல பேஜ் பகிர்ந்துக்கறதை விஎம்வேர் 2014-லயே டீஃபால்ட்டா நிறுத்தறோம்னு அறிவிச்சிருந்தாங்க, அப்ப எங்க டீம்ல ரேம் பத்தலையேன்னு அவங்களை திட்டுன கூட்டத்துல நானும் ஒருத்தன்.

ஆனா நெஜமாவே தூக்கம் போனது 2018 ஆகஸ்ட்லதான். எல்1.டி.எஃப்.னு பேரு, ஃபோர்ஷேடோன்னும் சொல்லுவாங்க, இன்டெல் சிப்ல. பேஜ் டேபிள்ல ஒவ்வொரு என்ட்ரியிலயும் இந்த பேஜ் ரேம்ல இருக்கா இல்லையான்னு சொல்ல ஒரு பிட் இருக்கும். இல்லன்னு இருந்தா சிபியு அங்கயே நிக்கணும், நிக்கும், ஆனா நிக்கறதுக்கு முந்துன ஒரு கண நேரம் அவசரக்குடுக்கை மாதிரி அந்த என்ட்ரில எழுதியிருக்கற அட்ரஸை எடுத்து வேலையை ஆரம்பிச்சுடும். கெஸ்ட் எழுதுன அட்ரஸ் அது, நியாயமா அடி டேபிள் வழியா மாத்திட்டுதான் போகணும். மாத்தாது. நேரா நிஜ ரேம் அட்ரஸாவே எடுத்துக்கும். அந்த அட்ரஸ்ல இருக்கறது அந்த நேரம் எல்1 கேஷ்ல இருந்துச்சுன்னா, சிபியுக்குள்ளயே இருக்கற வேகமான மெமரி, 32 கேபிதான் அந்த கேஷ், அதை படிச்ச தடயம் கேஷ்லருந்து பதில் வர்ற நேரத்துல தெரிஞ்சுடும், அப்புறம் பைட் பைட்டா உருவிடலாம். மேல நாலு பாரா எழுதி நான் பெருமையா சொன்ன அந்த அடி டேபிளை சிப்பே ஒரு கண நேரம் மறந்துட்டு போயிடுது, இதுல ஹைப்பர்வைசர் எழுதுனவன் என்ன பண்ணுவான் பாவம். ஒவ்வொரு தடவை கெஸ்டுக்குள்ள போறதுக்கு முன்னாடியும் எல்1 கேஷை துடைச்சுட்டு போன்னு பேட்ச் வந்துச்சு. அதுவும் பத்தல, ஏன்னா சிபியுவோட ஒரு கோரை ரெண்டா காட்டற ஹைப்பர்த்ரெடிங்ல ஒரே கோர்ல ரெண்டு பேர் ஒரே எல்1-ஐ பகிர்ந்துக்கறாங்க, இவன் துடைச்சுட்டு உள்ள போனா அவன் அந்தப்பக்கம் நிரப்பிக்கிட்டு இருப்பான். ஹைப்பர்த்ரெடிங்கை அணைங்கன்னாங்க. அணைச்சோம். த்ரெட் எண்ணிக்கை பாதியாச்சு, போன் மேல போன். நம்பிக்கை இல்லாத ரெண்டு பேரை ஒரே கோர்ல சேத்து உக்கார வெக்காத கோர் ஷெட்யூலிங் லினக்ஸ்ல சேர 2021 ஆயிடுச்சு.

சரி, ஹோஸ்டுக்கிட்டருந்தே மறைக்க வழி இருக்கா? இருக்கு, நான் மூணு மாசமா கேக்கறதே அதைத்தான். ஏ.எம்.டி.ல எஸ்.இ.வி.ன்னு ஒண்ணு, 2017 எபிக் சிப்லருந்து இருக்கு, ஒவ்வொரு வி.எம்.க்கும் தனி கீ, சிப்போட மெமரி கன்ட்ரோலரே ரேமுக்கு போறப்ப என்கிரிப்ட் பண்ணிடும், ஹோஸ்ட் டம்ப் எடுத்தா குப்பைதான் வரும். ஆனா மொதல்ல வந்ததுல டேபிள் இன்னும் ஹைப்பர்வைசர் கையிலயே இருந்துச்சு. 2018-ல ஜெர்மனில ஒரு குரூப் அதை வெச்சே ஒரு வேலை காட்டுனாங்க, வி.எம்.க்குள்ள வெப் சர்வர் ஓடுது, அது ஒரு ஃபைலை அனுப்பப் போறப்ப அந்த பேஜுக்கு பதிலா வேற பேஜை டேபிள்ல மாத்தி விட்டுட்டாங்க, வி.எம். தானே தன் ரகசியத்தை டீக்ரிப்ட் பண்ணி வெளிய அனுப்பிடுச்சு. அதுக்கப்பறம் வந்த எஸ்.என்.பி.ல எந்த நிஜ பேஜ் யாருக்கு சொந்தம்னு சிப் தனியா ஒரு கணக்கு வெச்சுக்குது, ஹைப்பர்வைசர் டேபிளை மாத்துனாலும் அந்த கணக்கோட ஒத்துப்போகலன்னா நடக்காது. இன்டெல்ல இதுக்கு டி.டி.எக்ஸ். ஆண்ட்ராய்டுலயும் 13-லருந்து சில போன்ல இந்த மாதிரி ஒரு ஏற்பாடு இருக்கு, போனோட கெர்னலே எட்டிப்பாக்க முடியாத குட்டி வி.எம்., உங்க வாசகர்கள்ல சிலபேர் பாக்கெட்லயே இருக்கலாம்.

இதுவும் முழுசா பாதுகாப்பு இல்ல, அதையும் சொல்லிடறேன், இல்லன்னா நானும் ஒரு கட்டம் கட்டுன மாதிரி ஆயிடும். 2024 டிசம்பர்ல பேட்ரேம்னு ஒண்ணு வந்துச்சு, ரேம் ஸ்டிக்ல தன் சைஸ் என்னன்னு சொல்ற சின்ன சிப் இருக்கும், அதுல பொய் எழுதி வெச்சா ரெண்டு அட்ரஸ் ஒரே எடத்தை காட்டும், எஸ்.என்.பி.யோட சொந்தக்கணக்கையே ஏமாத்திடலாம். ஏ.எம்.டி. ஃபர்ம்வேர்ல சரி பண்ணிட்டாங்க. அதுக்கு ஸ்டிக்கை கையில புடிக்கணும், இல்லன்னா அந்த சிப்பை சரியா பூட்டாம விட்டிருக்கணும். என் வெர்ஷ் டம்புக்கு ஒரு கமாண்ட் போதும். ரெண்டுக்கும் உள்ள தூரம் எவ்ளோன்னு எங்க மேனேஜருக்கு புரிஞ்சா போதும்.

அதனால அந்த கட்டத்துல இருந்ததுக்கு ஒரு திருத்தம் போடுங்க. ஒரு வி.எம்.மோட மெமரியை பக்கத்து வி.எம். பாக்காம தடுக்க ஹைப்பர்வைசரும் சிப்பும் சேந்து வேலை பாக்குது, அதுல அப்பப்ப ஓட்டை வந்திருக்கு, ஹைப்பர்வைசரும் அதை ஓட்டற ஆளும் மட்டும் தனி ஏற்பாடு இல்லன்னா எல்லாத்தையும் பாக்க முடியும், இவ்ளோதான். எடம் பத்தலன்னா "வேற யாராலயும்"ங்கறதை எடுத்துட்டு "பக்கத்து வி.எம்.மால பெரும்பாலும்"னு போட்டா கூட சரி. ஆனா கட்டம் கட்டி போடுங்க. போட்டோ புடிச்சு அனுப்ப வேண்டிய ஆள் ஒருத்தர் இருக்காரு.

இப்படிக்கு,
உங்க வாசகன், ஒரு சிஸ்டம் அட்மின்